நிலத்தைக் குத்தகைக்கு எடுக்குமுன் – பயிரின் ஆயுளும் தாளின் ஆயுளும்



விவசாயம், உணவு உற்பத்தி, இளைஞர் தொழில்முனைவு ஆகிய தலைப்புகளில் கட்டுரை எழுதும்போது பலரும் "அரசாங்கம் உதவ வேண்டும், இளைஞர்கள் முன்வர வேண்டும்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். முன்வருகிற இளைஞர் முதலில் எதை எதிர்கொள்கிறார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. நிலம்தான் அது. சொந்த நிலம் இல்லாதவர் குத்தகைக்குத்தான் எடுக்க வேண்டும். அதற்குமுன் பார்க்க வேண்டியவற்றைப் பேராக் மாநிலத்தின் பீடோர் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம். உங்களில் சிலருக்கு, அல்லது உங்கள் அப்பா, மாமா யாருக்காவது, இது தேர்வுக்கு அப்பாலும் உதவும்.

பீடோர் மண்

பத்தாங் பாடாங் மாவட்டத்தில், தாப்பாவுக்கும் சுங்கைக்கும் இடையில் இருக்கிறது பீடோர். ஈய லம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களும் வளர்த்த ஊர். இன்று கொய்யாவுக்குப் பெயர் பெற்றது. சாலையோரக் கடைகளில் பழம் வாங்காமல் கடந்து போகிறவர்கள் குறைவு. ரப்பர் இருந்த இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. ஈயம் எடுத்த இடங்களில் மணல் மேடுகளும் குட்டைகளும் மிஞ்சின.

ஆகவே இங்கே "இரண்டு ஏக்கர் இருக்கு, வாங்க பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், முதல் கேள்வி இது: முன்பு இது என்ன நிலம்? லம்ப மணலில் தண்ணீர் நிற்காது. உரம் போட்டாலும் மழையோடு கீழே இறங்கிவிடும். சேற்றுப் படிவாக இருந்தால் நேர்மாறு. தண்ணீர் வடியாது, வேர் அழுகும். சில லம்ப நிலங்களில் ஆர்செனிக், ஈயம் போன்ற உலோகங்களும் தங்கியிருக்கக்கூடும். மண்ணையும் பாசனத்துக்கு எடுக்கும் குட்டைத் தண்ணீரையும் சோதிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. விவசாய இலாகாவிடம் ஆலோசனை கேட்கலாம்.

மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். லாரி உள்ளே வருமா, வரும் பாதை யாருடைய நிலத்தில் போகிறது என்றும் கேளுங்கள். பக்கத்து நிலக்காரர் வேலி போட்டுவிட்டால் பழத்தைத் தலையில் சுமந்துதான் கொண்டுவர வேண்டும்.

தாளைப் படியுங்கள்

மண்ணைவிட முக்கியமானது நிலப் பட்டா. நம் மக்கள் 'கிரான்' என்பது இதைத்தான். "பத்து வருஷமா தெரிஞ்ச ஆளுங்க, தாளெல்லாம் எதுக்கு?" என்பார்கள். தெரிந்தவராகவே இருக்கட்டும். பீடோர் நிலமானால் தாப்பாவில் உள்ள மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, அந்த நிலத்தின் பதிவைத் தேடிப் பார்க்கலாம். அதில் கவனிக்க வேண்டியவை:

1. உரிமையாளர் யார்? தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுகள் இன்னும் பிரித்துக்கொள்ளவில்லை என்று பொருள். ஒரு பேரன் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது.

2. நிலத்தின் வகை என்ன? விவசாயம், கட்டடம், தொழில்துறை என்ற மூன்று வகைகள் உண்டு. விவசாய நிலத்திலும் குறிப்பிட்ட பயிர்தான் நட வேண்டும் என்று நிபந்தனை இருக்கலாம்.

3. தடை ஏதும் உண்டா? வங்கியில் அடமானத்தில் இருந்தால் வங்கியின் ஒப்புதல் வேண்டும். கேவியட் இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். மலாய் ஒதுக்கீட்டு நிலமானால் மலாய்க்காரர் அல்லாதவர் பெயரில் குத்தகை எழுத முடியாது.

4. உரிமையாளரின் காலம் எவ்வளவு? அவரே அரசாங்கத்திடம் 60 அல்லது 99 ஆண்டுக்குப் பெற்றிருந்தால், எஞ்சிய ஆண்டுகளுக்கு மேல் அவரால் உங்களுக்குத் தர முடியாது.

மூன்று வகைக் காலம்

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'குத்தகை' என்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தேசிய நிலச் சட்டத்தின்படி மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை. மலாயில் 'பஜாக்கான்'. இதை 15ஏ பாரத்தில் எழுதி நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். முழு நிலத்துக்கு 99 ஆண்டு வரையும், நிலத்தின் ஒரு பகுதிக்கு 30 ஆண்டு வரையும் தரலாம்.

இரண்டாவது, 3 ஆண்டுக்கு மேற்படாத வாடகை. மலாயில் 'தெனன்சி'. பதிவு கட்டாயமில்லை, வாய்மொழியாகவும் செல்லும். ஆனால் உரிமையாளர் நிலத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டால் சிக்கல் வரும். இந்த வாடகையைப் பட்டாப் பதிவில் குறித்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்படிக் குறித்தால் வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும்.

மூன்றாவது, அரசு நிலத்துக்கான தற்காலிகக் குடியேற்ற உரிமம். சுருக்கமாக எல்.பி.எஸ்., பழைய ஆட்கள் 'டி.ஓ.எல்.' என்பார்கள். இது அந்தந்த ஆண்டு டிசம்பர் 31-இல் முடியும். புதுப்பிப்பது நில நிர்வாகியின் விருப்பம். இன்னொருவருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் முடியும். ஆகவே "என் எல்.பி.எஸ். நிலத்தை உனக்குக் குத்தகைக்குத் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால், தம்மிடம் இல்லாத ஒன்றைத் தருகிறார்.

உரிமமே இல்லாமல் அரசு நிலத்தில் பயிரிடுவது குற்றம். 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் அந்த அனுபவம் அரசு நிலத்தில் சொந்தம் ஆகாது.

காலம் தவறினால்

பேராக்கிலேயே, சிம்மோர் அருகில் உள்ள கந்தானில், தலைமுறைகளாகக் காய்கறி பயிரிட்டவர்களிடம் பட்டா இல்லை. அந்த இடம் தொழில்நுட்பப் பூங்காவுக்கு என்று முடிவானபின் வெளியேறச் சொன்னார்கள். 2023 அக்டோபரில் பயிர்களை அகற்ற இயந்திரங்கள் வந்தபோது, விவசாயிகளுக்குத் துணை நின்றவர்கள் கைதானார்கள்.

பகாங்கின் ரவுப்பில் டுரியான் விவசாயிகளின் நிலையும் இதுதான். 1970-களின் பசுமைப் புத்தகத் திட்டம் வெற்று நிலத்தில் பயிரிட மக்களை ஊக்குவித்தது. அந்தக் காலம் தொட்டுப் பயிரிடுவதாகச் சொல்பவர்களும் அங்கே உண்டு. 2020-இல் மாநில அரசு 5,357 ஏக்கர் நிலத்தின் உரிமையை ஒரு கூட்டு நிறுவனத்துக்கு 30 ஆண்டுக்குக் கொடுத்தது. விவகாரம் நீதிமன்றம் சென்றது. 2021-லும் 2025-லும் மரங்கள் வெட்டப்பட்டன.

யார் பக்கம் நியாயம் என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் ஒன்று தெளிவு. டுரியான் பல பத்தாண்டுகள் நிற்கும் மரம். அதை நட்டவர்களிடம் ஓராண்டுத் தாளும் இல்லை. 30 ஆண்டுத் தாள் வேறொருவரிடம் போனது.

கணக்குப் போடுங்கள்

பயிரின் ஆயுளைத் தாளின் ஆயுளோடு ஒப்பிடுங்கள். சாவிக்கீரை ஏறக்குறைய ஒரு மாதம். மரவள்ளி ஓராண்டுக்குள். கொய்யா ஒட்டுக்கன்று இரண்டு ஆண்டுக்குள் காய்க்கத் தொடங்கிப் பல ஆண்டு பலன் தரும். செம்பனை நட்டு 30 மாதம் அளவில் முதல் குலை; சுமார் 25 ஆண்டு பலன்.

ஓர் எடுத்துக்காட்டு (தொகைகள் கணக்குக்காக மட்டும்): இரண்டு ஏக்கரில் கொய்யா. கன்று, குழாய், உரம் என்று தொடக்கச் செலவு 15,000 ரிங்கிட். வாடகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 1,000 ரிங்கிட். முதல் இரண்டு ஆண்டு வருமானம் இல்லை என்று கொள்வோம்.

- 3 ஆண்டு வாடகை: 15,000 + 6,000 = 21,000 ரிங்கிட். அறுவடை ஒரே ஆண்டு. முழுத் தொகையையும் அந்த ஓராண்டில் மீட்க வேண்டும்.
- 10 ஆண்டு குத்தகை: 15,000 + 20,000 = 35,000 ரிங்கிட். அறுவடை 8 ஆண்டு. ஆண்டுக்கு 4,375 ரிங்கிட் மீட்டால் போதும்.

பராமரிப்புச் செலவு இதில் சேரவில்லை. கொய்யாவில் பழ ஈக்குப் பயந்து பிஞ்சுக்குப் பிஞ்சு பை கட்ட வேண்டும், ஆள்கூலி அதிகம்.

"மூணு வருஷம் முடிஞ்சதும் நீட்டிக்கலாம் தம்பி, கவலைப்படாதீங்க" என்ற வார்த்தையை நம்பிக் கொய்யா நடலாமா? நீட்டிக்கும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கீரை, மிளகாய் போன்ற குறுகிய காலப் பயிரோடு நில்லுங்கள்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

- நிலத்தின் எண், பரப்பளவு, எல்லை, பயிர்
- வாடகை, செலுத்தும் நாள், உயர்த்தும் விதம்
- நிலவரி யார் கட்டுவது
- நீட்டிப்பு உரிமை, முன்னறிவிப்புக் காலம்
- இடையில் நிலம் விற்கப்பட்டால் அல்லது அரசு எடுத்தால் இழப்பீடு யாருக்கு
- காலம் முடிந்தபின் மரம், குழாய், கொட்டகை யாருக்கு

கடைசி அம்சத்தைப் பலர் மறக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் மண்ணில் வேரூன்றிய மரமும் நிலத்தைச் சேர்ந்ததே. எழுதாவிட்டால் நீங்கள் நட்ட கொய்யா உரிமையாளருக்குப் போய்விடும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரியும் கட்டுங்கள்; முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பெரிய தொகை, நீண்ட காலம் என்றால் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வகுப்பறைக்கு

1. குத்தகை, வாரம், ஒத்தி ஆகிய மூன்று சொற்களின் பொருள் வேறுபாட்டை விளக்குக. (குறிப்பு: குத்தகையில் பேசிய தொகை; வாரத்தில் விளைச்சலில் பங்கு; ஒத்தியில் கடனுக்கு ஈடாக நிலத்தின் பலன்.)

2. மேலே உள்ள கணக்கை 5 ஆண்டு குத்தகைக்குப் போட்டுப் பார்க்க. ஆண்டுக்கு எவ்வளவு மீட்க வேண்டும்?

3. உம் மாமா எல்.பி.எஸ். நிலத்தில் டுரியான் நட விரும்புகிறார். அவருக்கு ஆலோசனை கூறி 150 சொற்களில் கடிதம் எழுதுக.

4. "நீண்ட காலம் உழைத்தவருக்கே நிலம் உரியது." இக்கருத்தை ஆதரித்தோ மறுத்தோ விவாதக் கட்டுரை எழுதுக. கந்தான், ரவுப் நிகழ்வுகளைச் சான்றாகப் பயன்படுத்தலாம்.