மின்சுற்றுக்கு முன் கணக்கு

பினாங்கு, ஜோர்ஜ்டவுனில் உள்ள டத்தோ கிராமாட் சாலையில் மின்சாதனம் இல்லாத வீட்டையோ கடையையோ காண்பது அரிது. அச்சாதனங்களை இயக்கும் மின்சாரத்தைப் பற்றி ஐந்தாம் படிவ இயற்பியலில் விரிவாகக் கற்கிறோம். மின்சுற்று கடினமான பாடம் என்று மாணவர் சிலர் எண்ணுகின்றனர். அவர்களைத் தடுமாறச் செய்வது பெரும்பாலும் மின்சாரமன்று. முன்பே கற்றிருக்க வேண்டிய கணிதமே.

ஜெர்மானிய அறிவியலாளர் ஜார்ஜ் ஓம் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்த அவர், 1827ஆம் ஆண்டு தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். வெப்பநிலை மாறாத உலோகக் கம்பியில் மின்னழுத்தம் இருமடங்கானால் மின்னோட்டமும் இருமடங்காகும். இதுவே ஓம் விதி. இதன்படி,

மின்னோட்டம் = மின்னழுத்தம் ÷ மின்தடை

விகிதத்தை நன்கு அறிந்தவருக்கு இவ்விதி எளிதாகப் புரியும். இதைப் பயன்படுத்த மேலும் மூன்று திறன்கள் தேவை.

முதலாவது, சூத்திரத்தை மாற்றியமைத்தல். மின்தடையைக் காண, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும்.

இரண்டாவது, அலகு மாற்றம். ஒரு சுற்றில் மின்னழுத்தம் 6 வோல்ட், மின்னோட்டம் 20 மில்லிஆம்பியர் எனக் கொள்வோம். 20 மில்லிஆம்பியரை 0.02 ஆம்பியராக மாற்றி வகுத்தால் விடை 300 ஓம். மாற்ற மறந்தால் 0.3 ஓம் என வரும். சரியான விடை இதைப்போல் ஆயிரம் மடங்கு!

மூன்றாவது, பின்னம். இணைச்சுற்றில் 3 ஓம், 6 ஓம் மின்தடைகள் இருந்தால், 1/3 + 1/6 = 1/2. இதைத் தலைகீழாக்கினால் மொத்த மின்தடை 2 ஓம். மின்னோட்டத்திற்கு இரண்டு வழிகள் கிடைப்பதால் மொத்தத் தடை குறைகிறது.

இயற்பியலில், ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். ஒரு வினாடியில் பயன்படும் ஆற்றலே திறன். அதன் அலகு வாட்.

திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இந்தக் கணக்கு உயிரையும் காக்கும். நம் நாட்டில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 2,300 வாட் மின்கேத்தலுக்கு 10 ஆம்பியரும் 1,150 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 5 ஆம்பியரும் தேவை. தனித்தனியே செருகினால் சிக்கலில்லை. இரண்டையும் 13 ஆம்பியர் தாங்கும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகினால், 15 ஆம்பியர் பாயும். கம்பி அளவுக்கு மீறிச் சூடேறும். அதன் உறை உருகித் தீப்பிடிக்கவும் கூடும்.

உங்கள் வீட்டு மின்சாதனங்களில் குறிக்கப்பட்டுள்ள வாட் அளவைப் பாருங்கள். அதை 230ஆல் வகுத்து, ஒரே இணைப்பில் எவற்றைச் சேர்த்துச் செருகலாம், எவற்றைச் செருகக் கூடாது என நீங்களே கண்டறியுங்கள்.