பாவிகள் ஒழியவா, பாவங்கள் ஒழியவா?

எலுமிச்சைத் தோப்பில் இரவோடு இரவாக எவனோ காயைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். புளியங்குடிப் பக்கம் இது நடந்தால் நம் வாயில் முதலில் என்ன வரும்? "வெளங்காமப் போவான்" என்போம். மண்ணை வாரித் தூற்றுகிறவர்களும் உண்டு. சில வேளை அந்தச் சாபத்தையே கோயிலுக்குக் கொண்டுபோய், மெழுகுதிரி ஏற்றி, மன்றாட்டாக வைத்துவிடுகிறோம்.

இப்படி மன்றாடியவர்களில் பெரிய மறைநூல் அறிஞர் ஒருவரும் இருக்கிறார். அவர் 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரபி மேயிர். அவர் குடியிருந்த பகுதியில் முரடர்கள் சிலர் அவருக்குத் தீராத தொல்லை கொடுத்தார்கள். அவர்கள் செத்துப்போகட்டும் என்று வேண்டினார். அவருடைய மனைவி பெரூரியா அதைத் தடுத்தார். தால்முத் என்னும் யூதப் பெருந்தொகுப்பில் இது வருகிறது. அது வரும் பகுதியின் பெயருக்கு 'ஆசிகள்' என்று பொருள்!

மேயிருக்குத் துணையாக இருந்தது 104ஆம் திருப்பாடலின் கடைசி வசனம். பாவிகள் மண்ணுலகில் இல்லாமற்போக வேண்டும் என்று அது கேட்கிறது. (தூய ஆவியார் பெருவிழாத் திருப்பலியில் நாம் பாடுவதும் இத்திருப்பாடல்தான், அந்த அடி மட்டும் அன்று இடம்பெறுவதில்லை.) பழைய எபிரேய எழுத்தில் உயிர்க்குறிகள் கிடையா. மெய்யெழுத்துகளை மட்டும் பார்த்தால் அந்தச் சொல்லைப் 'பாவிகள்' என்றும் வாசிக்கலாம், 'பாவங்கள்' என்றும் வாசிக்கலாம். பெரூரியா 'பாவங்கள்' என்றே வாசித்தார். பாவங்கள் ஒழிந்துவிட்டால் தீயவர் என்று யார் மிஞ்சுவார்? ஆகவே அவர்கள் மனம் மாற வேண்டும் என்று கேளும் என்றார். மேயிர் அப்படியே மன்றாடினார், முரடர்களும் மனந்திரும்பினார்கள்.

துன்பம் அறியாத வீட்டுப் பெண் அல்லர் பெரூரியா. திருச்சட்டத்தைக் கற்பித்த குற்றத்திற்காக அவருடைய தந்தை இரபி அனனியாவை, திருச்சட்டச் சுருளில் சுற்றி உரோமையர் உயிரோடு எரித்ததாகத் தால்முத் சொல்கிறது.

அப்படியானால், தவறு செய்தவனைப் போகட்டும் என்று விட்டுவிடுவதா? யூத மரபு அவ்வளவு மலிவாக இரக்கத்தை விற்பதில்லை. அயலாருக்கு இழைத்த குற்றத்தை, அவரிடமே போய்ச் சமாதானம் ஆகும்வரை, பாவக் கழுவாய் நாளும் போக்காது என்கிறது மிஷ்னா. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரரிடம் போகச் சொன்ன நம் ஆண்டவரும் இந்த மரபில் வளர்ந்தவரே.

நம் நாட்டில் இதை வாழ்ந்து காட்டியது ஒரு கேரளக் குடும்பம். மத்தியப் பிரதேசத்தில் ஏழை உழவர்களுக்காக உழைத்த அருள்சகோதரி இராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று, பேருந்தில் செல்கையில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார். 2002இல் இராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையான அருள்சகோதரி செல்மி பால் அங்கே சென்று, அவர் கையில் ராக்கி கட்டி, சகோதரராக ஏற்றுக்கொண்டார். அவருடைய விடுதலைக்காகவும் அக்குடும்பம் கேட்டுக்கொண்டது. விடுதலையான அவர், தாம் கொன்றவரின் பெற்றோரைத் தேடிக் கேரளத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் இராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்ட திருப்பலியில், கூட்டத்தில் அவரும் இருந்தார்.