கண்ணுக்குத் தப்பும் சிவப்பு

முகப்பருவுடன் போகிறவரைப் பார்த்ததும் தோல் மருத்துவரின் கண் எண்ணத் தொடங்கிவிடும். நெற்றியில் எத்தனை, கன்னத்தில் எத்தனை, சீழ் கோத்தவை எவை, வெறும் முளைகள் எவை? மருந்து ஆய்வுகளிலும் இதே கணக்குதான். ஒரே முகத்தை இருவர் எண்ணினால் இரண்டு விடை வருவது சகஜம்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அழற்சி என்றால் சிவந்திருக்கும் என்பது பாடம். மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் அந்தச் சிவப்பைத் தோலின் நிறமியான மெலனின் மறைத்துவிடுகிறது. 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கறுப்பினப் பெண்களின் பருக்களிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மேலே அமைதியாகத் தெரிந்த முளைகளுக்கு அடியிலும் அழற்சி மண்டிக் கிடந்தது. பரு ஆறிய பின்னும் நம் முகங்களில் மாதக்கணக்கில் கருமை தங்கிவிடுகிறதே, அது இந்த அழற்சி விட்டுச்செல்லும் தடம்தான்.

2003இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி பின்னால் போனது. பரு வரும் முகங்களில், பருவே இல்லாத இடத்து மயிர்க்கால்களைச் சுற்றியும் நோய் எதிர்ப்புச் செல்கள் கூடியிருந்தன. மயிர்க்கால் அடைப்பு முதலில், அழற்சி பிறகு என்ற பழைய வரிசை அதனால் ஆட்டம் கண்டது.

ஆனால் இதற்காக முகத்தில் அடிக்கடி கத்தி வைக்க முடியுமா? பருவுக்கு வைத்தியம் தேடி வந்தவரைத் தழும்போடு அனுப்புவது எந்த ஊர் நியாயம்? வெட்டாமல் பார்க்கும் கருவிகளின் தேவை இங்கேதான் எழுகிறது.

அவற்றில் நுட்பமானது கன்ஃபோக்கல் நுண்ணோக்கி. 830 நானோமீட்டர் அலைநீளமுள்ள மெல்லிய லேசர் ஒளியைத் தோலுக்குள் அனுப்பி, குறிப்பிட்ட ஓர் ஆழத்திலிருந்து திரும்பும் ஒளியை மட்டும் பிடித்துப் படமாக்குகிறது. உயிருள்ள மனிதத் தோலை இப்படிப் பார்க்க முடியும் என்று மிலிந்த் ராஜாத்யக்ஷாவும் சக ஆய்வாளர்களும் 1995இல் காட்டினார்கள். சிவப்பை மறைக்கும் அதே மெலனின் இங்கே ஒளியைப் பலமாகத் திருப்பியனுப்பி, செல்களைப் பளிச்சென்று காட்டுகிறது. 2015இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இந்தக் கருவியால் பார்த்தபோது, பரு நோயாளிகளின் ‘நல்ல’ தோலிலும் மயிர்க்கால் வாய்கள் தடித்த விளிம்போடு இருந்தன.

ஆனால் அதன் பார்வை சுமார் கால் மில்லிமீட்டரோடு நின்றுவிடும். ஆழத்தில் புடைத்திருக்கும் கட்டிகள் அதற்கு எட்டாது. விழித்திரை ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களுக்குப் பழக்கமான ஓசிடி கருவி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை போகிறது. ஒரே இடத்தை அடுத்தடுத்துப் படமெடுத்து ஒப்பிட்டால், ஓடும் ரத்தம் மட்டும் தனித்துத் தெரியும். பருவைச் சுற்றி ரத்த நாளங்கள் விரிந்திருப்பதை அப்படி அளக்கலாம்.

செலவு குறைந்த வழி, பல நிற ஒளியில் எடுக்கும் புகைப்படம். ரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை அதிகம் உறிஞ்சும். அதை வைத்துக் கணினி சிவப்பைப் பிரித்தெடுக்கிறது. எச்சரிக்கை தேவைப்படுவது இங்கேதான். மெலனினும் அதே ஒளியை உறிஞ்சுகிறது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி கருநிறத் தோலில் தவறாக அதிகம் காட்டுவதைக் கொரோனா காலத்தில், 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு அம்பலப்படுத்தியது. வெளிர் தோலில் பழக்கிய கணக்கை நம் முகத்தில் அப்படியே பொருத்தினால் அதுபோன்ற பிழை நேரலாம்.

புற ஊதா விளக்கில் மூக்கோரம் செம்மஞ்சளாக ஒளிரும் புள்ளிகளைக் காட்டிச் சிலர் பயமுறுத்துவதுண்டு. அது தோலில் வாழும் பாக்டீரியா வெளியிடும் போர்ஃபிரின். அழற்சியின் அளவு அல்ல.

பருவைப் பொறுத்தவரை இந்தக் கருவிகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கின்றன. ஆனாலும் மருத்துவர் சொல்லும் ஒரு யோசனைக்கு அவை காரணம் காட்டுகின்றன. ரெட்டினாய்டு களிம்பைப் பருவின் மேல் மட்டும் பொட்டு போல வைக்காமல், பரு வரும் பகுதி முழுக்க மெல்லிதாகத் தடவச் சொல்வார்கள். அடுத்த பரு, இப்போது வழுவழுப்பாகத் தெரியும் கன்னத்தின் அடியில் ஏற்கெனவே தொடங்கியிருக்கக்கூடும்.