கரண்ட் பிடித்த தாடையில் புதுப்பல் வைக்கலாமா?

சென்ற மாதம் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் ஒரு அக்கா எங்களிடம் வந்தார். அவருடைய வீட்டுக்காரருக்கு வாயில் புற்றுநோய் வந்து, நாலு வருஷத்துக்கு முன் மஹரகம வைத்தியசாலையில் கரண்ட் பிடித்துக் குணமானது. இப்போது கீழ்ப்பல் ஒன்றும் இல்லை. சோறு மெல்ல முடியாமல் கஷ்டப்படுகிறார். கொழும்பில் வேலை செய்கிற மகன், "எலும்புல ஆணி வச்சு பல்லு கட்டுறாங்களாம், காசு நான் தாரேன்" என்று சொல்லியிருக்கிறார். "ஐயா, கரண்ட் பிடிச்ச வாயில ஆணி வைக்கலாமா?" என்று அக்கா கேட்டார்.

நல்ல கேள்வி. மற்றக் குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் பதிலை இங்கே எழுதுகிறோம்.

கரண்ட் என்பது என்ன?

நாம் கரண்ட் என்று சொன்னாலும் அது மின்சாரம் அல்ல, கதிர்வீச்சு. வாய்ப் புற்றுநோய்க்கு வழமையாகக் கிழமைக்கு 5 நாள் வீதம் 6 அல்லது 7 கிழமைக்குக் கொடுப்பார்கள். இதன் அளவைக் கிரே என்று கணக்கிடுவார்கள். மொத்தம் 60 முதல் 70 கிரே வரை வரும். அது நோயை அழிக்கிறது. ஆனால் தாடை எலும்புக்குள் ஓடும் சின்னச் சின்ன இரத்தக் குழாய்களும் அதனால் சுருங்கிவிடும். தோல் ஆறிவிட்டாலும் எலும்பு பழைய பலத்துக்கு வராது. எச்சிலும் குறையும். எச்சில் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும்.

ஆணிப் பல்

இதை இம்பிளாண்ட் என்பார்கள். சுவீடன் நாட்டு வைத்தியர் பிரானெமார்க் 1965ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இதை வைத்தார். டைட்டேனியம் என்ற உலோக ஆணியை எலும்பில் பதிப்பார்கள். சில மாதங்களில் எலும்பு வளர்ந்து அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் பல்லைக் கட்டுவார்கள்.

நாம் தேயிலைக் கன்று நடுகிற மாதிரிதான். நல்ல மண் என்றால் வேர் பிடிக்கும். மழையில் கழுவிப்போன மண்ணில் நட்டால் பல கன்றுகள் பிடிக்கும், சில காய்ந்துவிடும். கரண்ட் பிடித்த எலும்பும் அப்படித்தான். அதில் வைத்த ஆணிகளில் பெரும்பாலானவை நிற்கின்றன. ஆனால் கரண்ட் பிடிக்காத எலும்பை விட அதிகமாகக் கழன்று போகின்றன. கதிர் அளவு கூடினால் ஆபத்தும் கூடும். கீழ்த்தாடையை விட மேல்த்தாடையில் அதிகம் தவறுகிறது. சிகரட் குடிப்பவர்களுக்கு இன்னும் மோசம்.

ஆகவே வைக்கலாம், ஆனால் எல்லாருக்கும் அல்ல. கரண்ட் முடிந்து குறைந்தது 6 மாதம் முதல் ஒரு வருஷமாவது பொறுக்க வேண்டும். புற்றுநோய் வைத்தியரும் வாய், முகச் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்துதான் முடிவு சொல்ல வேண்டும். காசு இருக்கிறது என்பதற்காக எங்காவது போய்ச் செய்துவிடக் கூடாது.

பல் பிடுங்குவதில் உள்ள ஆபத்து

இன்னொரு தோட்டத்துப் பெரியவர் ஒருவர், கரண்ட் முடிந்து இரண்டு வருஷத்துக்குப் பின் கடவாய்ப் பல் வலிக்கிறது என்று டவுனில் ஓரிடத்தில் போய்ப் பிடுங்கிக்கொண்டார். கரண்ட் பிடித்ததை அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மாதக்கணக்காகப் புண் ஆறவில்லை. எலும்பு வெளியே தெரிந்தது. கடைசியில் தாடை எலும்பில் ஒரு துண்டையே வெட்டி எடுக்க வேண்டி வந்தது. புற்றுநோய் திரும்ப வரவில்லை. இரத்த ஓட்டம் இல்லாத எலும்பு செத்துப்போனதுதான் காரணம்.

நாம் செய்ய வேண்டியவை

1. கரண்ட் தொடங்கும் முன்பே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். கெட்ட பல்லை அப்போதே எடுத்தால் புண் ஆற இரண்டு மூன்று கிழமை கிடைக்கும்.

2. கரண்ட் பிடித்தவர் பத்து வருஷம் போனாலும் அதைச் சொல்லாமல் பல் பிடுங்கக் கூடாது. கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள்.

3. ஃபுளோரைட் உள்ள பற்பசையால் காலையும் இரவும் துலக்குங்கள். வாய் காய்ந்தால் வெறும் தண்ணீரை அடிக்கடி குடியுங்கள். சீனி போட்ட பிளேன்டீயை நாள் முழுக்கக் குடித்தால் மிச்சமிருக்கும் பல்லும் போய்விடும்.

4. வெற்றிலை, பாக்கு, போயிலையை விட்டுவிடுங்கள். போயிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்தது.

5. வாயில் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெளியே தெரியும் எலும்பு, தாடை வலி இருந்தால் தாமதிக்க வேண்டாம். ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை, வைத்தியசாலைக்குப் போங்கள்.

அந்த அக்காவின் வீட்டுக்காரருக்குப் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். திகதி கிடைத்திருக்கிறது. ஆணிப் பல்லா, கழற்றி மாட்டும் பல்லா என்பதை அங்கே பார்த்துச் சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் கரண்ட் பிடித்தவர் இருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். கடிதம் எழுதித் தருவது எங்கள் வேலைதான்.