தாளில் மாங்காய், துணியில் சுரைக்காய்: பள்ளிகளில் வடிவமைப்புக் கல்வி

நெசவாளர் சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்போது, கணக்கேடுகளுக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது சரக்கு இருப்பு அறையையே. ஒரு சங்கத்தின் உண்மை நிலையை ஐந்தொகைக் குறிப்பைக் காட்டிலும் அந்த அறை தெளிவாகச் சொல்லிவிடும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சங்கத்தின் இருப்பறையில் 214 படுக்கை விரிப்புகள் விற்காமல் தேங்கிக் கிடக்கக் கண்டேன். நூலில் குறையில்லை, சாயம் கெட்டிச் சாயம், நெசவும் திருத்தமானது. ஆனால் விரிப்பில் வரிசையாக அமைந்திருந்த மாங்காய், மாங்காயாக இல்லை. நீண்டு சுரைக்காயைப் போல நின்றது. விலை கொடுத்து வாங்கிய உருவம் தாளில் அழகாகவே இருந்தது. துணியில் ஏறியதும் கெட்டுப் போயிற்று.

நெய்தவர்களை விசாரித்தேன். முதல் முழத்திலேயே தெரிந்துவிட்டது என்றார்கள். "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டதற்கு, "வந்த டிசைனை நெய்வதுதானே ஐயா எங்கள் வேலை!" என்றார் ஒரு முதியவர். அவர் அருகே நின்ற பேரன் எட்டாம் வகுப்பு மாணவன். பள்ளி ஓவியப் போட்டியில் பரிசு பெற்றவன். இரண்டு மலைகள், நடுவே சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னை என்று அவன் வரைந்த படத்தைப் பெருமையோடு காட்டினார்கள். மாங்காய் ஏன் நீண்டது என்று அவனைக் கேட்டேன். அவனுக்கும் விளங்கவில்லை. பாட்டனுக்குத் தறி தெரியும். பேரனுக்குத் தாள் தெரியும். இவ்விரண்டையும் இணைக்கும் கல்வி இருவருக்கும் கிட்டவில்லை. அக்கல்வியைப் பற்றி அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்திரம் வேறு, வடிவமைப்பு வேறு

சித்திரம் என்பது கண் கண்டதையோ மனம் நினைத்ததையோ கை வரைவது. வடிவமைப்பு என்பது செய்யப்போகும் ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது. யார் பயன்படுத்துவார், எதற்காக, எந்தப் பொருளால், எந்தக் கருவியால், என்ன செலவில் என்னும் கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே அங்கே கோடு பிறக்கிறது. சித்திரம் வரைபவருக்குத் தாளின் ஓரமே எல்லை. வடிவமைப்பவருக்கோ நூலும் தறியும் வாங்குவோர் பணப்பையும் எல்லைகள். அந்த எல்லைகளுக்குள் அழகு காண்பதே இக்கலை.

1958ஆம் ஆண்டில் இந்திய அரசின் அழைப்பின்பேரில் அறிக்கை அளித்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், நம் நாட்டில் தாம் கண்ட பொருள்களுள் சிறந்ததாகப் போற்றியது எதை? நம் வீடுகளில் உள்ள சொம்பைத்தான்! எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், கை எப்படிப் பிடிக்கும், எடுத்துச் செல்லும்போது பாரம் எப்படி நிற்கும், சாய்த்தால் நீர் எப்படி ஒழுகும், விளக்க எளிதா, விலை என்ன என்னும் அத்தனை கேள்விகளுக்கும் பல தலைமுறைகள் சேர்ந்து அளித்த விடை அச்சொம்பு. அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. உயர் கல்விக்கு நிறுவனம் வந்தது. ஆனால் சொம்பைக் கையில் எடுத்துப் பார்த்து இக்கேள்விகளைக் கேட்கும் பழக்கம் நம் கிராமப் பள்ளிகளுக்கு இன்னும் போதிய அளவு வரவில்லை.

பயிரிடுவோரும் இதைத் தமக்குத் தொடர்பற்றதாக எண்ண வேண்டாம். ஆழமான கூடையில் தக்காளியை நிரப்பினால் மேல்பழத்தின் பாரம் அடிப்பழத்தை நசுக்கும். ஆழம் குறைந்து, காற்றுப் புகும் இடைவெளியுள்ள பெட்டி அந்த நட்டத்தைக் குறைக்கும். களைக்கொத்தின் பிடி குட்டையாக இருந்தால் நாள் முழுதும் இடுப்பு வளைய வேண்டும். இவையும் வடிவமைப்பே.

மாங்காய் ஏன் நீண்டது?

இனி, அந்த விரிப்பின் கதைக்கு வருவோம். உருவத்தைத் தறிக்கு ஏற்றுவதற்கு முன் கட்டத்தாளில் எழுதுவார்கள். குறுக்கே ஒரு கட்டம் ஒரு பாவு இழை. நெடுக்கே ஒரு கட்டம் ஓர் ஊடை இழை என்பது கணக்கு. சாதாரணக் கட்டத்தாளில் கட்டங்கள் சதுரமானவை. ஆனால் துணியிலோ, ஓர் அங்குலத்தில் 60 பாவு இழைகளும் 40 ஊடை இழைகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாளில் 24 கட்ட அகலமும் 24 கட்ட உயரமும் கொண்ட ஒரு வட்டத்தை வரைந்தால், துணியில் அதன் அகலம் 24ஐ 60ஆல் வகுத்த 0.4 அங்குலம், உயரம் 24ஐ 40ஆல் வகுத்த 0.6 அங்குலம். வட்டம் முட்டையாகிவிட்டது! மாங்காய் சுரைக்காயானதும் இப்படித்தான். துணியில் வட்டம் வேண்டுமானால் தாளில் 24 கட்ட அகலத்துக்கு 16 கட்ட உயரமே எழுத வேண்டும். தாளில் சப்பையாகத் தெரிவது துணியில் வட்டமாகும்.

மற்றொரு கணக்கையும் பார்ப்போம். 30 அங்குல அகலமுள்ள துணியில் அங்குலத்துக்கு 60 வீதம் 1,800 பாவு இழைகள். பூவுக்கு 24 இழை, இடைவெளிக்கு 48 இழை, ஆக 72 இழை என்று அமைத்தால், 25 பூக்கள் மிச்சமின்றி அமையும். இடைவெளியை 46 ஆக்கினால் 25 பூக்கள் போக 50 இழைகள் மீந்து, ஒரு பக்க ஓரம் மட்டும் வெறுமையாகத் தோன்றும். ஊடையில் ஒரு நிறத்தைக் கூட்டினால் இன்னொரு நாடா வேண்டும். மாற்றி மாற்றி எறிய நேரமும் கூடும். ஆகவே நிறத்துக்கும் கூலியில் விலையுண்டு. ஆறாம் வகுப்புக் கணக்கை அறிந்த பிள்ளைக்கு இவற்றுள் எதுவும் கடினமன்று. யாரும் சொல்லித் தரவில்லை என்பதே குறை.

வரலாறு கூறும் பாடம்

பள்ளியில் வடிவமைப்பைக் கற்பிக்கும் முயற்சி புதிதன்று. பிரெஞ்சுத் துணிகளின் உருவங்களுக்கு முன் தம் நாட்டுச் சரக்கு நிற்கவில்லை என்னும் கவலையால், ஆங்கிலேயர் 1837இல் லண்டனில் அரசு வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கினர். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1870இல் பொதுப் பள்ளிகளில் வரைதலைப் பாடமாக்கிச் சட்டம் இயற்றியது. ஆலைகளுக்குத் திறமையானவர்கள் வேண்டும் என்பதே அதன் காரணம். சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் கலைப்பள்ளி ஒன்றைத் தோற்றுவித்தார். அதுவே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரிக்கு மூலம்.

ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில முறையைப் பின்பற்றிய பள்ளிகளில் கற்பித்தல் பெரும்பாலும் பார்த்து வரைதலாகவே நின்றது. கொடுத்த கோட்டுருவத்தையும் சுதை உருவத்தையும் படிப்படியாக நகல் எடுப்பதே பயிற்சி. கை பழகியது; தீர்மானிக்கும் அறிவு பழகவில்லை. இதற்கு மாறாக, 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தோன்றிய பவுஹவுஸ் பள்ளியில், மாணவர்கள் தாள், மரம், கண்ணாடி, நூல் ஆகியவற்றைக் கையில் எடுத்து அவற்றின் இயல்பை அறிவதில் தொடங்கினர். அதன் நெசவுப் பட்டறையை, அங்கேயே மாணவியாகப் பயின்ற குன்டா ஸ்டோல்சல் பின்னர் தலைமையேற்று நடத்தினார். அப்பள்ளி 1933இல் மூடப்பட்டது. அதன் முறை உலகெங்கும் பரவியது. நம் நாட்டிலும், சாந்திநிகேதனில் 1919இல் தொடங்கிய கலாபவனம், நந்தலால் போஸின் வழிகாட்டுதலில் கோலத்தையும் கைத்தொழிலையும் கலையோடு சேர்த்தே கற்பித்தது. அங்குப் பயின்ற கே. ஜி. சுப்ரமணியன் பின்னர் பம்பாய் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்புப் பணி ஆற்றினார். பொருளைத் தொட்டுக் கற்றால்தான் வடிவமைப்பு வரும் என்பதே இவ்வரலாறு கூறும் பாடம்.

ஓர் அச்சமும் அதற்கு விடையும்

"என் பிள்ளையை மறுபடியும் தறிக்குழியில் இறக்கவா பார்க்கிறீர்கள்?" என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வி நியாயமானது. 1953இல் அன்றைய சென்னை மாநிலத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைப் பயில வேண்டும் என்னும் திட்டம் வந்தது. பிறப்பால் வந்த தொழிலிலேயே பிள்ளைகளைக் கட்டிப்போடும் என்று கடும் எதிர்ப்பு எழ, 1954இல் அது கைவிடப்பட்டது. அந்தப் பாடத்தை நாம் மறக்கலாகாது.

வடிவமைப்புக் கல்வி அதற்கு நேர்மாறாக அமைய வேண்டும். அது நெசவாளர் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியர் பிள்ளைக்கும் வணிகர் பிள்ளைக்கும் பயிரிடுவோர் பிள்ளைக்கும் ஒரே வகுப்பில், படிப்பு நேரத்தைக் குறைக்காமல், ஓவிய வகுப்புக்குள்ளேயே கற்பிக்கப்பட வேண்டும். அதைக் கற்ற பிள்ளை பொறியாளராகலாம், அச்சுத் தொழில் செய்யலாம், தறியிலும் அமரலாம். தறியில் அமர்ந்தால், வந்ததை நெய்யும் கையாக மட்டும் இராமல், "இது சரியில்லை" என்று சொல்லும் வாயும் உடையவராக இருப்பார்.

எவ்வகுப்பில் எதைக் கற்பிக்கலாம்?

முதல் மூன்று வகுப்புகளில் புள்ளிக்கோலம் போதும். ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருவதையும் இரு பக்கமும் ஒத்திருப்பதையும் அது விளையாட்டாகவே கற்பிக்கும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றினால் ஐந்து முனைப் பூ கிடைக்கும். அதை எவ்வளவு இடைவெளியில் ஒற்றினால் அழகு என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் பனையோலையையும் வண்ணத்தாள் கீற்றுகளையும் முடையலாம். ஒன்று மேல், ஒன்று கீழ் என்று முடைந்தால் சாதா நெசவு. இரண்டு மேல், இரண்டு கீழ் என்று ஒவ்வொரு வரியிலும் ஓர் இழை தள்ளி முடைந்தால் சாய்கோடு தோன்றும். ஆறு முதல் எட்டு வரை கட்டத்தாளும் மேலே கூறிய கணக்குகளும் ஏற்றவை. ஒன்பதாம் வகுப்பில், ஒரு குறிப்பிட்ட நபருக்காக ஒரு பொருளை வடிவமைக்கச் செய்யலாம். பாட்டிக்கு ஒரு துண்டு என்றால், பாட்டியிடம் கேட்டு, வரைந்து, செலவு கணக்கிட்டு, காட்டி, அவர் சொல்லும் குறையைக் கேட்டுத் திருத்த வேண்டும். மதிப்பெண் படத்தின் அழகுக்கு மட்டுமன்றி, திருத்திய விதத்துக்கும் அளிக்கப்பட வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

பாடத்திட்டத்தை மாற்றுவது அரசின் வேலை. அதற்காகக் காத்திராமல் நாம் செய்யக்கூடியவை உள்ளன. பழைய துணி மாதிரிகளை அட்டையில் ஒட்டி, இழைக் கணக்கை எழுதி, பள்ளிக்கு இரவல் கொடுக்கலாம். தலைமையாசிரியரின் இசைவோடு மாதம் ஒருமுறை மாணவர்களைத் தறிக்கூடத்துக்கு அழைத்து, அனுபவமுள்ள ஒரு நெசவாளரைப் பேசச் செய்யலாம். துணைவிதிகள் இடம் தருமானால் பொதுநல நிதியிலிருந்து கட்டத்தாளும் வண்ணமும் வாங்கித் தரலாம். 1956 முதல் தொடங்கப்பெற்ற நெசவாளர் சேவை மையங்களையும், 1960 முதல் சேலத்தில் இயங்கும் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தையும் அணுகி ஆலோசனை கேட்கலாம்.

இன்னொன்றையும் சங்க நிர்வாகிகள் அறிந்திருக்க வேண்டும். புவிசார் குறியீடு ஊர்ப்பெயரோடு கூடிய சரக்கின் பெயரைக் காக்கும். சங்கம் புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு உருவத்தையும் காக்காது. அதற்கு 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தல் வேண்டும். பாதுகாப்பு 10 ஆண்டுகள். மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே கடைத்தெருவில் வெளியிட்டுவிட்ட உருவத்துக்குப் பொதுவாக இப்பாதுகாப்பு கிட்டாது. ஆனால் பதிவு செய்வதற்கு நம்முடையது என்று சொல்ல ஓர் உருவம் முதலில் வேண்டுமல்லவா?

அந்த 214 விரிப்புகளும் இறுதியில் தள்ளுபடியில் போயின. நட்டம் சங்கக் கணக்கில் ஏறியது. அதாவது, நெய்தவர்களின் கணக்கிலேயே ஏறியது. அடுத்த ஆண்டு ஆய்வுக்குச் சென்றபோது, அப்பேரன் ஒரு கட்டத்தாளைக் கொண்டுவந்து காட்டினான். அதில் சப்பையாக ஒரு மாங்காய் வரைந்திருந்தான். "தாத்தா சொல்லச் சொல்ல எழுதினேன், சார். துணியில் சரியாக வரும்" என்றான். நான் இழைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.