நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

எண்ணூரில் லாரி செய்கிறார்கள். திருவொற்றியூர் புல்லட் மோட்டார் சைக்கிளின் ஊர். துறைமுகத்தையொட்டித் தெருவுக்குத் தெரு பட்டறை இருக்கும் வடசென்னையில் பத்தாம் நம்பர் ஸ்பேனரை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அதே அளவு ஸ்பேனரைக் கொண்டு ஒரு குழந்தையின் காலை நீளமாக்க முடியும் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

காலைச் சுற்றி வளையங்கள். வளையங்களை எலும்போடு பிணைக்கும் மெல்லிய கம்பிகள். வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே 6 மி.மீ. தடிமனில் மரையிட்ட தண்டுகள். இந்தச் சட்டகத்துக்கு இலிசரோவ் கருவி என்று பெயர். நட்டை ஒரு முழுச் சுற்று திருப்பினால் வளையங்கள் 1 மி.மீ. விலகும். கால்பங்கு சுற்றுக்கு 0.25 மி.மீ. காலை, மதியம், மாலை, இரவு என நாளைக்கு நான்கு முறை கால்பங்கு சுற்று. இதைச் செய்வது மருத்துவர் இல்லை. பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ, சில வீடுகளில் அந்தக் குழந்தையேதான்.

அறுவை அரங்கில் நடப்பது சில மணி நேர வேலை. அதற்குப் பிறகு வரும் பல மாதங்களில்தான் சிகிச்சை உண்மையில் வெற்றியடைகிறது அல்லது தோற்கிறது. அந்த மாதங்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

கால் ஏன் குட்டையாகிறது?

குழந்தையின் நீள எலும்புகள் முழு நீளத்திலும் வளர்வதில்லை. இரு முனைகளிலும் இருக்கும் வளர்தட்டு எனும் குருத்தெலும்புப் பட்டையில்தான் வளர்ச்சி நடக்கிறது. முழங்காலுக்கு மேலே தொடை எலும்பின் கீழ்த்தட்டு ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ. வளர்க்கிறது. முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரை செல்லும் முன்கால் எலும்பின் மேல்தட்டு ஆண்டுக்குச் சுமார் 6 மி.மீ. வளர்க்கிறது. பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 14 வயதிலும் ஆண் குழந்தைகளுக்கு 16 வயதிலும் இந்தத் தட்டுகள் மூடிக்கொள்கின்றன.

இந்தத் தட்டு பழுதானால் அந்த எலும்பு பின்தங்கிவிடும். பச்சிளம் பருவத்தில் எலும்பிலோ மூட்டிலோ சீழ் பிடிப்பது ஒரு காரணம். வாகனம் மோதித் தட்டு நசுங்குவது இன்னொன்று. சிலர் பிறவியிலேயே குட்டையான எலும்போடு பிறக்கிறார்கள். ஒரு காலத்தில் போலியோ பெரும் காரணமாக இருந்தது. தமிழ்நாட்டில் 2004-க்குப் பிறகு போலியோ இல்லை. 2014 மார்ச்சில் இந்தியா முழுவதும் போலியோ ஒழிந்ததாகச் சான்று கிடைத்தது. அதனால் இன்று இந்தச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளிடம் மற்ற காரணங்களே முன்னால் நிற்கின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நான்கு வயதில் விபத்தில் முன்கால் எலும்பின் மேல்தட்டு பழுதான ஒரு சிறுமிக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, ஆண்டுக்கு 6 மி.மீ. வீதம் ஏறக்குறைய 5 செ.மீ. குறைந்திருக்கும். நல்ல கால் இன்னும் இரண்டு ஆண்டு வளரும் என்பதால் வளர்ச்சி முடியும்போது வித்தியாசம் 6 செ.மீ. ஆகும். மருத்துவர்கள் எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் வயதைப் பார்த்து, இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். 2 செ.மீ. வரையிலான வித்தியாசத்துக்குச் செருப்பின் அடிப்பாகத்தை உயர்த்தினால் போதும். அதற்கு மேல் 5 செ.மீ. வரை, வளரும் வயதில் இருந்தால், நீளமான காலின் வளர்தட்டைத் தகுந்த நேரத்தில் நிறுத்தி இரண்டையும் சமமாக்கலாம். அதற்கும் மேலே போகும்போதுதான் பெரும்பாலும் காலை நீட்டும் அறுவை சிகிச்சை. நம் கணக்கின் சிறுமி அந்தக் கட்டத்தில் இருக்கிறாள்.

சைபீரியாவிலிருந்து வந்த வளையம்

காலை நீட்டும் முயற்சி புதிதல்ல. இத்தாலியின் அலெசாண்ட்ரோ கோடிவில்லா 1905-லேயே எலும்பை வெட்டி இழுத்துப் பார்த்தார். ஒரே வீச்சில் பலமாக இழுத்ததால் நரம்பும் தசையும் தோலும் தாங்கவில்லை. அந்தத் தடையை உடைத்தவர் காவ்ரில் இலிசரோவ். இரண்டாம் உலகப் போருக்குப் பின், சைபீரியாவின் குர்கன் நகரில், எலும்பு கூடாமல் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்ட முன்னாள் வீரர்களுக்கு அவர் சிகிச்சை அளித்தார். 1950-களின் தொடக்கத்தில் வளையக் கருவியை உருவாக்கினார். ஆரம்பத்தில் சைக்கிள் சக்கரக் கம்பிகளைப் பயன்படுத்தினார் என்றும், எலும்பை நெருக்க வேண்டிய நோயாளி ஒருவர் நட்டை எதிர்த்திசையில் திருப்பிவிட, இடைவெளியில் புது எலும்பு முளைத்திருப்பதைக் கண்டார் என்றும் சொல்வார்கள்.

உயரம் தாண்டுதலில் 1964 ஒலிம்பிக் தங்கம் வென்ற வலேரி புரூமெல் மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல அறுவைகளுக்குப் பிறகும் தேறாமல் 1968-ல் குர்கனுக்குப் போனார். பின்னர் மறுபடியும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். அதன் பிறகே சோவியத் ஒன்றியம் முழுவதும் இலிசரோவின் பெயர் பரவியது. 1980-ல் கார்லோ மௌரி என்ற இத்தாலிய மலையேறி அவரிடம் குணமடைந்து ஊர் திரும்ப, மறு ஆண்டு இத்தாலி மருத்துவர்கள் அவரை அழைத்துப் பேசச் செய்தார்கள். இந்தியாவுக்கு இந்த முறை 1980-களின் பிற்பகுதியில் வந்தது.

இழுத்தால் எலும்பு முளைக்கும்

மருத்துவர் எலும்பின் கெட்டியான வெளிச்சுவரை மட்டும் கவனமாக வெட்டுகிறார். எலும்பைப் போர்த்தியிருக்கும் உறையையும் உள்ளே ஓடும் ரத்த ஓட்டத்தையும் முடிந்தவரை காப்பாற்றுகிறார். பிறகு ஐந்து முதல் ஏழு நாள்கள் எதையும் திருப்பாமல் காத்திருக்க வேண்டும். எலும்பு முறிந்த எந்த இடத்திலும் நடப்பதுபோல அங்கே ரத்தம் உறைந்து, செல்கள் குவிந்து, ஒட்டவைக்கும் வேலை தொடங்குகிறது.

அந்த வேலை முடிவதற்குள் மெல்ல இழுக்கத் தொடங்குகிறோம். இடைவெளியில் இருக்கும் இழைகள் இழுப்பின் திசையிலேயே நேராக அணிவகுக்கின்றன. அவற்றை ஒட்டிப் புது ரத்த நாளங்கள் வளர்கின்றன. எலும்பு உருவாக்கும் செல்கள் அந்த இழைகள்மீது கால்சியமும் பாஸ்பேட்டும் படிய வழிசெய்கின்றன. நடுவில் மட்டும் ஒரு மென்மையான பட்டை எப்போதும் மீதம் இருக்கும். இழுக்க இழுக்க அதிலிருந்து இரு பக்கமும் எலும்பு உருவாகிக்கொண்டே போகும்.

வேகத்தை முடிவு செய்ய இலிசரோவ் நாய்களிடம் சோதனைகள் செய்து 1989-ல் வெளியிட்டார். நாளுக்கு அரை மி.மீ. இழுத்தபோது எலும்பு முன்னதாகவே கூடி வழியை அடைத்துவிட்டது. 2 மி.மீ. இழுத்தபோது திசுக்கள் தாங்கவில்லை. 1 மி.மீ. சரியாக இருந்தது. அந்த ஒரு மி.மீட்டரையும் ஒரே தடவையில் இழுப்பதைவிடப் பல தவணையாகப் பிரித்து இழுத்தபோது எலும்பு இன்னும் நன்றாக வந்தது. நான்கு தவணை என்ற வழக்கம் அங்கிருந்து வந்தது. வெட்டுப்பட்ட நரம்பு மறுபடி வளரும் வேகமும் நாளுக்குச் சுமார் 1 மி.மீ.தான். திசுக்களுக்கென்று ஒரு வேகம் இருக்கிறது. நம் அவசரத்துக்கு அது வளைந்து கொடுக்காது.

நம் கணக்கின் சிறுமிக்கு 6 செ.மீ. வேண்டும். அறுபது நாள், 240 கால்பங்கு சுற்றுகள். அத்தோடு முடிவதில்லை. புதிதாக முளைத்த எலும்பு இன்னும் மென்மையானது. அது இறுகுவதற்கு இழுத்த காலத்தைப்போல இரண்டு மடங்கோ அதற்கும் கூடுதலாகவோ சட்டகம் அப்படியே இருக்க வேண்டும். மொத்தம் எட்டு மாதம் அளவில் ஆகும். எக்ஸ்ரேயில் முதலில் வெறும் கறுப்பு இடைவெளி தெரியும். பிறகு மங்கலான வெண்ணிழைகள் தோன்றும். எலும்பின் நான்கு பக்கங்களில் மூன்றிலாவது தெளிவான சுவர் எழுந்த பிறகே வளையத்தைக் கழற்றுகிறார்கள். அவசரப்பட்டுக் கழற்றினால் புது எலும்பு வளையும் அல்லது உடையும். கழற்றிய பின்னும் சில வாரங்கள் மாவுக்கட்டோ பட்டைத் தாங்கியோ தேவைப்படலாம்.

எலும்பு முந்தும், தசை பிந்தும்

எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுப்பதில்லை. கெண்டைக்கால் தசை இறுகி, குதிகாலை மேலே இழுத்து, குழந்தையை நுனிக்காலில் நிற்கவைத்துவிடும். முழங்கால் மடங்கியபடியே இறுகலாம். எலும்பு அழகாக வளர்ந்து, பாதம் தரையில் படியாமல் போனால் அந்த 6 செ.மீட்டரால் பயன் குறைவு. அதனால்தான் பிசியோதெரபி இந்தச் சிகிச்சையின் துணைப்பாடமாக இருக்க முடியாது. நாள்தோறும் பலமுறை முழங்காலை நீட்ட வேண்டும், பாதத்தை மேலே வளைக்க வேண்டும். ஊன்றுகோலோ வாக்கரோ பிடித்து, மருத்துவர் அனுமதிக்கும் அளவு எடையை அந்தக் காலில் வைத்து நடக்கவும் வேண்டும். எடை விழும்போதுதான் புது எலும்பு வலுப்பெறுகிறது. வலிக்குப் பயந்து குழந்தையைப் படுக்கையிலேயே வைத்திருப்பது பாசம்தான். ஆனால் அது காலுக்குக் கேடு செய்யும்.

பாதம் மரத்துப்போனாலோ, கட்டைவிரலைத் தூக்க முடியாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இழுக்கும் வேகத்தைக் குறைத்தோ சில நாள் நிறுத்தியோ நரம்பைக் காப்பாற்றிவிடலாம். கம்பி தோலுக்குள் நுழையும் இடங்களில் கிருமி தொற்றுவது மிகச் சாதாரணம். சிவப்பு, சீழ், கூடும் வலி, காய்ச்சல் ஆகியவை எச்சரிக்கைகள். சீக்கிரம் கவனித்தால் மாத்திரையோடு தீரும். விட்டுவிட்டால் எலும்புவரை இறங்கும்.

ராயபுரத்து வீட்டில் எட்டு மாதம்

மருத்துவக் குறிப்பேட்டில் எளிதாகத் தெரிவது காசிமேட்டின் ஒற்றை அறை வீட்டிலோ, வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியிலோ அவ்வளவு எளிதல்ல. கம்பித் துளைகளைக் கொதித்து ஆறிய நீரோடு மருத்துவமனை சொன்ன திரவத்தால் துடைக்க வேண்டும். தண்ணீரோ லாரி வரும் நாளைப் பொறுத்து வருகிறது. எண்ணூர்ப் பக்கம் நிலக்கரித் தூசும் சாம்பலும் சன்னல் வழியே நுழைகின்றன. துளைகளைச் சுத்தத் துணியால் மூடிவைக்க வேண்டியிருக்கிறது. வளையத்தோடு குந்த முடியாது என்பதால் நாற்காலிக் கழிப்பறை தேவை. பள்ளிச் சீருடையின் பக்கத் தையலைப் பிரித்து, நாடாவோ ஒட்டும் பட்டையோ வைத்துத் தைக்க வேண்டும். மாடிப்படி, ஷேர் ஆட்டோ எல்லாமே தனித்தனிச் சவால்கள்.

இந்த ஊருக்கே உரிய சில வசதிகளும் உண்டு. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, கேழ்வரகு, முட்டை, காலை வெயில் எல்லாம் எலும்புக்கு வேண்டியவை. விலையும் கையைக் கடிப்பதில்லை. வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை கூடாது. புகையிலை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் வேண்டாம். அவற்றில் சில எலும்பு உருவாவதைக் குறைக்கக்கூடும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கோடை விடுமுறையும் அதில்தான் வருகிறது. அவசரமில்லாத அறுவையை அதை ஒட்டித் திட்டமிட முடிந்தால், நட்டைத் திருப்பும் அறுபது நாளில் பெரும்பகுதிக்கு அப்பா கரையில் இருப்பார். பள்ளி நாள்களும் குறைவாகவே வீணாகும். ஆனால் அது வருமானம் இல்லாத காலமும்கூட. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசித்தான் தேதி குறிக்க வேண்டும்.

குழந்தையிடமும் பேச வேண்டும். இரவில் வலி கூடும், தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது. தெருவில் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் வலியைவிடக் கடினமாக இருக்கும். ஒவ்வொரு நாளின் நான்கு சுற்றையும் நோட்டில் குறிக்கும் வேலையைக் குழந்தையிடமே கொடுக்கலாம். தன் கால் தன் பொறுப்பில் வளர்கிறது என்று உணரும் குழந்தை பயிற்சிக்கு மறுப்பது குறையும்.

ஸ்டான்லி காட்டிய வழி

1780-களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழியில் வளர்ந்து, 1938-ல் ஸ்டான்லி என்ற பெயர் பெற்ற மருத்துவமனையை வடசென்னையில் மூத்தவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஆலைகளில் கை நசுங்கி வந்த தொழிலாளர்களுக்காக அங்கே பேராசிரியர் ஆர்.வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைப் பிரிவை வளர்த்தெடுத்தார். அந்தப் பிரிவின் பெயரிலேயே மறுவாழ்வும் இடம்பெற்றிருக்கிறது. தைத்துவிட்டால் கை திரும்பிவிடாது, பயிற்சி கொடுத்து வேலைக்குத் திருப்ப வேண்டும் என்ற புரிதல் அது. குழந்தையின் காலுக்கும் அதே அணுகுமுறை வேண்டும்.

வழிகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே பிசியோதெரபியைக் கொண்டுசெல்லும் திட்டம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் அன்றே, இந்தக் குழந்தையின் பெயரை அந்தப் பகுதியின் பிசியோதெரபிஸ்டிடம் சேர்த்துவிடலாம். வகுப்பறையைத் தரைத்தளத்துக்கு மாற்றப் பள்ளித் தலைமையாசிரியரின் ஒரு முடிவு போதும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை, வாக்கரோடு வரும் குழந்தைக்குப் பேருந்துப் படியைவிட அது மேல். கூலி வேலையை விட்டுவிட்டு வாரந்தோறும் எக்ஸ்ரேவுக்கு வரும் அம்மாவின் இழப்பும் சிகிச்சைச் செலவில் ஒரு பகுதிதான். அதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

ஓரிரு ஆண்டில் புது எலும்பு, மச்சையும் சுவரும் கொண்ட முழு எலும்பாகிவிடும். எக்ஸ்ரேயில் பழையது எது, புதியது எது என்று பிரித்துச் சொல்வதுகூடக் கடினமாகும். உடல் தன் பங்கைச் செய்துவிடுகிறது. ஆனால் இந்தச் சிகிச்சையின் வெற்றியைச் சென்டிமீட்டரில் மட்டும் அளக்கக் கூடாது. குழந்தையின் பாதம் தரையில் முழுதாகப் படிகிறதா, முழங்கால் முழுதாக மடங்கி நீளுகிறதா, அவள் வகுப்பில் பின்தங்காமல் இருக்கிறாளா என்று கேட்க வேண்டும். அறுவைக்குத் தேதி கொடுக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் அந்தத் தேதியோடு சேர்த்து அடுத்த எட்டு மாதத்துக்கான திட்டத்தையும், வீட்டுக்கு வரப்போகும் பிசியோதெரபிஸ்டின் பெயரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்றோர் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.