டவர் கிட்ட இருந்தால் கைப்பேசி மெல்லப் பேசும்

மலேசியாவின் திரிங்காப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டுக்குப் பக்கத்துல டவர் போடப் போறாங்களாம். பிள்ளைங்க மூளைக்கு ஆகாதுன்னு சொல்றாங்க. நாங்க எதிர்க்கணுமா?" கேள்வி நியாயமானது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பதில்தான் தலைகீழ். டவர் தள்ளிப் போகப் போக, பிள்ளை காதில் வைத்திருக்கும் கைப்பேசியின் வீச்சு கூடும்.

டவரின் அலை, தூரம் இரட்டித்தால் நாலில் ஒன்றாகத் தேய்கிறது. கைப்பேசியின் ஆன்டெனாவோ மண்டையிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. எனவே பேசும்போது மூளைக்குச் சேரும் கதிர்வீச்சில் பெரும்பங்கு நம் கைப்பேசி தருவதே. அதன் அளவும் நிலையானதல்ல. 4ஜி கைப்பேசியின் உச்ச வலு ஏறத்தாழ 0.2 வாட். டவர் நன்றாகக் கேட்கும் இடத்தில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே போதுமானதாகிவிடும்.

இது நடக்கும் விதம் அழகானது. தேயிலைச் சரிவில் ஐம்பது பேர் கொழுந்து பறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடிவாரத்தில் நிற்கும் மேற்பார்வையாளரான மண்டோருக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் எடை சொல்கிறார்கள், ஆளுக்கொரு மொழியில். பத்தடியில் நிற்பவர் கத்தினால் மேட்டு நிரையில் நிற்பவர் குரல் அமுங்கிப்போகும். அதனால் மண்டோர் ஒரு விதி வைக்கிறார்: யார் எங்கே நின்றாலும், தன் காதுக்கு வந்து சேரும் சத்தம் ஒரே அளவாக இருக்க வேண்டும். கிட்டே நிற்பவருக்கு "மெல்ல", எட்ட நிற்பவருக்கு "சத்தமா". ஒருவர் பாறை மறைவுக்குப் போனால் "இன்னும் சத்தமா". வெளியே வந்ததும் "போதும், குறை". டவர்தான் அந்த மண்டோர், கைப்பேசிகள்தான் ஆட்கள். 3ஜியில் இந்த மண்டோர் ஒவ்வோர் ஆளுக்கும் விநாடிக்கு 1,500 முறை கட்டளையிட்டார். ஒரு கட்டளைக்கு வழக்கமாக ஒரு டெசிபல், ஏற்று அல்லது இறக்கு. "அப்படியே இரு" என்ற கட்டளையே கிடையாது. ஆகவே அசையாமல் நிற்பவரும் ஒரு படி ஏற்றி, ஒரு படி இறக்கி, ஓயாமல் குரலைச் சரிசெய்துகொண்டே இருப்பார். பேசுபவர் தலையைத் திருப்பினாலும், விரல் ஆன்டெனாவை மூடினாலும் அடுத்த கணமே மண்டோருக்குத் தெரிந்துவிடும். ஒருவர் குரல் மற்றவரை அமுக்கக் கூடாது, பேட்டரி வீணாகக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. நம் தலைக்குக் கிடைத்த நன்மை உபரி.

வரலாற்றுக்கு இரண்டு வரி போதும். இந்த முறையில் கைப்பேசிகள் இயங்கும் என்று குவால்காம் நிறுவனம் 1989இல் சான் டியாகோவில் செய்துகாட்டியது. மலேசியாவில் 3ஜி 2021 இறுதியில் மூடப்பட்டது. 4ஜி, 5ஜியில் கட்டளையிடும் விதம் மாறினாலும் கொள்கை மாறவில்லை.

சுவீடனில் அளந்தே பார்த்தார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில், டவர்கள் தள்ளித் தள்ளி இருந்த நாட்டுப்புறத்தில் கைப்பேசிகள் பாதி நேரம் உச்ச வலுவில் இயங்கின. நகரத்தில் கால்வாசி நேரம்தான். திரிங்காப்பின் மடிப்பு மலைகளுக்கு இது அப்படியே பொருந்தும். 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் மலையுச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. ஆனால் தோட்டத்து வளைவு ஒன்று திரும்பினால் கைப்பேசியில் லைன் போய்விடுகிறது. ஒரு கோடு லைனில் நெடுநேரம் பேசும்போதுதான் காதருகே வீச்சு அதிகம்.

கதிர்வீச்சைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் ஸ்டிக்கரை இப்போது எடைபோடலாம். அது ஒன்றும் தடுக்காவிட்டால் காசு போச்சு. உண்மையிலேயே அலையை மறைத்தால், மண்டோர் "சத்தமா" என்பார். கைப்பேசி வலுவை ஏற்றும். அமெரிக்க வணிக ஆணையமே இப்படி எச்சரித்திருக்கிறது.

சரி, அந்த வீச்சு மூளையை என்ன செய்கிறது? 5ஜி அலையின் ஒரு துகளுக்குள்ள ஆற்றல், கண்ணால் காணும் ஒளித்துகளின் ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மரபணுவின் பிணைப்பை உடைக்க அது போதாது. சிறு சூடுதான் உறுதியாகத் தெரிந்த விளைவு. 2011இல் அமெரிக்காவில் 47 பேரின் காதில் 50 நிமிடம் கைப்பேசியை வைத்து ஆராய்ந்தார்கள். ஆன்டெனாவுக்கு அருகிலிருந்த மூளைப்பகுதி சுமார் 7 சதவீதம் கூடுதலாகக் குளுக்கோஸ் செலவிட்டது. இது ஒரு மாற்றம். கேடு என்பதற்குச் சான்றல்ல. அதே ஆண்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை "ஒருவேளை புற்றுநோய் தரலாம்" என்ற 2பி பிரிவில் வைத்தது. பயமுறுத்தும் செய்திகள் அதோடு நின்றுவிடுகின்றன. அதே நிறுவனம் கேட்டுக்கொண்டு 2024இல் வெளியான பெரிய மறுஆய்வில், பத்தாண்டுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய்த் தொடர்பு தென்படவில்லை என்பதைச் சொல்வதில்லை.

ஆகவே, அம்மா, டவரை எதிர்க்க வேண்டாம். வீச்சை அளந்து காட்டும்படி கேளுங்கள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அதற்கு வரம்பு வைத்திருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றிய கவலை கைப்பேசியின் திரை என்றால், அது வேறு கணக்கு. 2015இல் வெளியான ஆய்வில், படுக்குமுன் நான்கு மணி நேரம் முழு வெளிச்சத்தில் மின்நூல் படித்த 12 பேருக்குத் தூக்க ஹார்மோனான மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் தூங்குவதற்குத் தாமதமானது சுமார் பத்து நிமிடம்தான். நீல ஒளி வடிகட்டிக் கண்ணாடி விற்பவர்கள் இந்தப் பத்து நிமிடத்தைச் சொல்வதில்லை. பிள்ளைகளிடமிருந்து பெரிதாகக் களவு போவது, போர்வைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வீடியோக்களில் கரையும் தூக்கம். கண்ணாடி அதைத் திருப்பித் தராது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதற்கும் குறைந்தால் நல்லது என்று 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்றது.